வீட்டு ஆர்கேட் பெட்டிக்கு ஜோய்ஸ்டிக்: வாங்குவதற்கு முன்னரும் பொருத்தும்போதும் கவனிக்க வேண்டியவை

பழைய கணினி ஒன்றும் ஒரு திரையும் சில பிளைவுட் பலகைகளும் இருந்தால் 1980களின் ஆர்கேட் விளையாட்டுப் பெட்டியை வீட்டிலேயே செய்துவிடலாம். விளையாட்டுகளை இயக்குவதற்கு, 1997 இல் முதன்முதலாக வெளிவந்த மேம் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் செய்து முடித்த பெட்டியில் நிம்மதியாக விளையாட முடியுமா என்பதைத் தீர்மானிப்பது ஜோய்ஸ்டிக்தான்.

இலங்கையில் இருப்பவர்கள் இதைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே தருவிக்க வேண்டியிருக்கும். பொருத்தமில்லாத ஒன்று வந்து சேர்ந்தால், அதைத் திருப்பி அனுப்புவதற்கே பொருளின் விலையளவு செலவாகிவிடலாம். ஆகவே விலையைப் பார்ப்பதற்கு முன்னர் ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள்: உங்கள் வீட்டில் அதிகம் விளையாடப்போவது எந்த விளையாட்டு?

நான்கு திசையா, எட்டுத் திசையா?

ஆர்கேட் ஜோய்ஸ்டிக்கின் அடியில் நான்கு சிறிய மைக்ரோசுவிட்சுகள் இருக்கும். கைப்பிடியைச் சாய்க்கும்போது அவற்றில் ஒன்று அழுத்தப்படும். மூலைப் பக்கமாகச் சாய்த்தால் இரண்டு சேர்ந்து அழுத்தப்படும். இப்படி மூலைகளையும் உணரக்கூடியது எட்டுத் திசை ஜோய்ஸ்டிக். மூலைக்குப் போகவிடாமல் தடுப்பது நான்கு திசை ஜோய்ஸ்டிக்.

1980 இல் வந்த பாக்-மேன், 1981 இல் வந்த டொங்கி கொங் ஆகியவை நான்கு திசைக்கென உருவாக்கப்பட்டவை. இவற்றை எட்டுத் திசை ஜோய்ஸ்டிக்கில் விளையாடினால், திரும்ப வேண்டிய இடத்தில் கை சற்று விலகினாலே இரண்டு சுவிட்சுகள் ஒன்றாக அழுத்தப்பட்டு, பாக்-மேன் திரும்பாமல் நேரே போய்விடும். விளையாடத் தெரியவில்லை என்று பலர் நினைப்பது உண்மையில் ஜோய்ஸ்டிக்கின் பொருத்தமின்மையே. மறுபுறம், 1991 இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 போன்ற சண்டை விளையாட்டுகளுக்கு மூலைத் திசைகள் இல்லாமல் முடியாது.

இரண்டு வகையையும் விளையாட விரும்புவோருக்கு வழி இருக்கிறது. ஜோய்ஸ்டிக்கின் அடியில், தண்டின் அசைவைக் கட்டுப்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு ஒன்று உண்டு. சன்வா நிறுவனத்தின் ஜே.எல்.எஃப் போன்றவற்றில் இந்தத் தட்டின் சதுரத் துளையை 45 பாகை திருப்பிவிட்டால், அது நான்கு திசையாக மாறிவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் பலகையைத் திறக்க வேண்டும். இடம் இருந்தால், நான்கு திசைக்கெனத் தனியாக இன்னொரு ஜோய்ஸ்டிக் வைப்பதே வசதி.

ஜப்பானிய வகை, அமெரிக்க வகை

ஜப்பானிய வகையில் தண்டின் உச்சியில் உருண்டை இருக்கும். சன்வா, செய்மிட்சு ஆகியவை இதில் பெயர் பெற்றவை. இலேசாக அசையும், விரல்களாலேயே ஆட்டலாம். அமெரிக்க வகையில் நீள்வடிவக் கைப்பிடி இருக்கும், அசைவும் சற்று இறுக்கமானது. முழுக் கையால் பிடித்து முரட்டுத்தனமாக விளையாடுவோருக்கும் சிறுவர்கள் இருக்கும் வீட்டுக்கும் இது தாக்குப்பிடிக்கும். பெயரில்லாத மலிவுப் பிரதிகளும் விற்பனைக்கு உண்டு. முதல் முயற்சிக்கு அவை போதும். ஆனால் சுவிட்சுகளைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியுமா என்று பார்த்து வாங்குங்கள்.

பலகையின் தடிப்பையும் இப்போதே தீர்மானிக்க வேண்டும். அமெரிக்க வகை தடித்த மரப் பலகைக்கு ஏற்றது. ஜப்பானிய வகை மெல்லிய உலோகத் தகட்டை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. 18 மில்லிமீற்றர் பிளைவுட்டின் அடியில் அதை அப்படியே பொருத்தினால், தண்டு மேலே போதிய உயரத்துக்கு வராது. அந்த இடத்தில் பலகையை அடியிலிருந்து குடைந்து மெல்லியதாக்க வேண்டும்.

பலகையில் பொருத்துதல்

துளையிடுவதற்கு முன்னர் கடதாசி அட்டையில் ஜோய்ஸ்டிக், பொத்தான்களின் இடங்களை வரைந்து, அதன்மேல் கைகளை வைத்துப் பாருங்கள். இருவர் விளையாடும் பெட்டியானால் இருவரும் சேர்ந்து நின்று பாருங்கள். முழங்கைகள் இடித்தால் இடைவெளியைக் கூட்டுங்கள். பலகைக்குக் கீழே ஜோய்ஸ்டிக்கின் உடல் அசைவதற்கு இடமிருக்கிறதா என்பதையும் அளந்துகொள்ளுங்கள்.

ஜப்பானிய வகைத் தண்டுக்கு 24 மில்லிமீற்றர் துளை போதும். தண்டு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் துளையின் ஓரத்தில் முட்டக்கூடாது. உருண்டையைக் கழற்ற, தண்டின் அடிமுனையில் உள்ள வெட்டில் திருப்புளியை வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, உருண்டையை இடஞ்சுழியாகத் திருகுங்கள். ஜோய்ஸ்டிக்கை அடியிலிருந்து பொருத்திய பின்னர், துளையை மறைக்கும் வட்டத் தட்டைத் தண்டில் போட்டு உருண்டையை மீண்டும் பூட்டுங்கள்.

வயர் இணைப்பு

சுவிட்சுகளைக் கணினியுடன் இணைக்க ஒரு யூ.எஸ்.பி என்கோடர் பலகை தேவை. சன்வா ஜே.எல்.எஃப்பில் ஐந்து முனை இணைப்பி உண்டு: நான்கு திசைகளுக்கு நான்கு வயர், பொது வயர் ஒன்று. பல என்கோடர்களில் இதை நேரடியாகச் செருகலாம்.

தனித்தனி சுவிட்சுகள் உள்ள ஜோய்ஸ்டிக்கில், ஒவ்வொரு சுவிட்சிலும் மூன்று முனைகள் இருக்கலாம். சி.ஓ.எம் எனக் குறித்த முனையில் பொது வயரையும், என்.ஓ எனக் குறித்த முனையில் திசை வயரையும் இணையுங்கள். என்.சி முனையில் இணைத்தால், கை வைக்காமலேயே பாத்திரம் ஓடிக்கொண்டிருக்கும்.

புதியவர்களைக் குழப்பும் விடயம் இன்னொன்று. கைப்பிடியை மேலே தள்ளினால், தண்டின் அடிமுனை எதிர்ப்பக்கம் போய்க் கீழ்ப்பக்கச் சுவிட்சை அழுத்தும். எனவே 'மேல்' திசைக்குரிய வயரைக் கீழ்ப்பக்கச் சுவிட்சிலும், 'இடது' வயரை வலப்பக்கச் சுவிட்சிலும் இணைக்க வேண்டும்.

யூ.எஸ்.பி இணைப்பில் ஓடுவது 5 வோல்ற் மட்டுமே என்பதால் இந்த வேலையில் மின்னதிர்ச்சி ஆபத்து இல்லை. ஆனால் பெட்டிக்குள் பழைய படக்குழாய்த் திரை இருந்தால் அதன் உட்பகுதியைத் தொடாதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் அதில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

சோதித்துப் பார்த்தல்

பலகையை மூடுவதற்கு முன்னர், விண்டோஸில் உள்ள கேம் கன்ட்ரோலர் பகுதியைத் திறந்து ஒவ்வொரு திசையையும் சோதியுங்கள். திசை மாறியிருந்தால் வயர்களை மாற்றினால் போதும். எட்டுத் திசை ஜோய்ஸ்டிக்கில் நான்கு மூலைகளும் பதிவாகின்றனவா என்று பாருங்கள். நான்கு திசையில் மூலைகள் பதிவாகக்கூடாது. கையை விட்டதும் தண்டு தானாக நடுவுக்கு வர வேண்டும். வராவிட்டால் துளையின் ஓரத்தில் உரசுகிறதா என்று முதலில் பாருங்கள்.