அறிமுகமும் விலக்கும்: கொலம்பஸ் வீரர்கள் அமைப்பில் உறுப்பினர் சேர்க்கை (1882–2020)

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் தோன்றிய 'நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்' எனப்படும் கொலம்பஸ் வீரர்கள் அமைப்பு, கத்தோலிக்க ஆடவரைப் புதிய உறுப்பினராகச் சேர்த்து நெறிப்படுத்திய முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. அறிந்தவர் வழியே அறிந்தவர் சேரும் முறை அவ்வமைப்பின் வளர்ச்சிக்கும், அதனுள் நிகழ்ந்த நிறப் பாகுபாட்டிற்கும் ஒருங்கே துணைநின்றது என்பதை இது நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கொலம்பஸ் வீரர்கள், மெக்கிவ்னி, கூட்டுக் காப்பீடு, நுழைவுச் சடங்கு, நிறப் பாகுபாடு.

முன்னுரை

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கத் தொழில் நகரங்களில் வாழ்ந்த அயர்லாந்துக் கத்தோலிக்கருள் பலர் ஆலைத் தொழிலாளர். பொருளீட்டுபவர் இறந்தால் அவர்தம் குடும்பம் ஆதரவற்றுப் போயிற்று. ஆட்ஃபெல்லோஸ் போன்ற சகோதர சங்கங்கள் நோய்க்காலத்திலும் இறப்பின்போதும் உதவி அளித்தன. எனினும் மறைவான சடங்குகளைக் கொண்ட சங்கங்களைத் திருச்சபை ஐயத்துடன் நோக்கியது. ஃப்ரீமேசன் இயக்கத்தைத் திருத்தந்தை 12-ஆம் கிளமெண்ட் 1738-இலேயே கண்டித்திருந்தார். பிழைப்பிற்கான பாதுகாப்பு ஒருபுறமும் சமயப் பற்று மறுபுறமும் இளைஞரை ஈர்த்த இச்சூழலே புதிய அமைப்பிற்கு வித்திட்டது.

அமைப்பின் தோற்றம்

நிறுவுநரான அருட்தந்தை மைக்கேல் மெக்கிவ்னி 1852-இல் வாட்டர்பெரி நகரில் பிறந்தவர். பித்தளை ஆலையில் வார்ப்புத் தொழில் செய்த அவருடைய தந்தை 1873-இல் இறந்தார். நியூ ஹேவன் நகரின் புனித மரியா ஆலயத்தில் துணைப் பங்குத்தந்தையாக இருந்தபோது, மெக்கிவ்னி முதலில் மாசசூசெட்சிலிருந்த கத்தோலிக்க ஃபாரஸ்டர்ஸ் சங்கத்தை அணுகினார். பிற மாநிலத்தில் கிளை தொடங்க அச்சங்கத்தின் சாசனம் இடந்தராமையால் தனி அமைப்பைத் தோற்றுவிக்க முனைந்தார். 1881 அக்டோபர் 2 அன்று ஆலயத்தின் நிலவறையில் முதற்கூட்டம் நடந்தது. 1882 மார்ச் 29 அன்று மாநிலச் சட்டமன்றம் சாசனம் வழங்கியது. பொதுநிலையினரான ஜேம்ஸ் முல்லன் முதல் தலைவரானார். மெக்கிவ்னி செயலர் பொறுப்பை ஏற்றார். உறுப்பினரைச் சேர்க்கும் பணி தொடக்கத்திலிருந்தே பொதுநிலையினர் கையில் இருந்தமை இங்குக் கருதத்தக்கது.

காப்பீட்டுக் கணக்கும் உறுப்பினர் தேவையும்

இறந்த உறுப்பினரின் மனைவிக்கு 1,000 டாலர் வழங்குவது தொடக்ககாலத் திட்டம். ஒவ்வோர் இறப்பிற்கும் உறுப்பினர் தலைக்கு 1 டாலர் செலுத்தினர். எண்ணிக்கை 1,000-ஐத் தாண்டியபோது ஒருவர் செலுத்தும் தொகை குறைந்தது. நோயுற்றவருக்கு வாரம் 5 டாலர் வரை 13 வாரங்களுக்குக் கிடைத்தது. இக்கணக்கின்படி புதிய உறுப்பினர் ஒவ்வொருவரும் ஏனையோரின் சுமையைக் குறைத்தார். ஆயின் நோயாளியோ முதியவரோ சேர்ந்தால் சுமை கூடிற்று. வயது வேறுபாடின்றி ஒரே தொகை பெறப்பட்டதால், இளமையில் சேர்ந்தவர் வாழ்நாளில் மிகுதியாகச் செலுத்த நேர்ந்தது. ஆகவே அமைப்பிற்கு இளைஞர் இன்றியமையாதவராயினர். இளைஞருக்கோ அத்திட்டத்தால் ஆதாயம் குறைவு. கொள்ளைநோய்க் காலத்திற்கான சேமநிதி பலமுறை மறுக்கப்பட்டு 1892-இலேயே ஏற்கப்பட்டது. காப்பீடின்றிச் சேரும் இணை உறுப்பினர் முறையும் வந்த பின்னர், சேர்க்கையின் அடிப்படை பொருளாதாரப் பாதுகாப்பு என்ற அளவில் நில்லாது தோழமையாக விரிந்தது.

நெறிப்படுத்தும் முறைகள்

உறுப்பினர் ஒருவர் முன்மொழிய, மன்றத்தார் வாக்களிக்க, விண்ணப்பித்தவர் ஏற்கப்பட்டார். பின்னர் அறச்செயல், ஒற்றுமை, சகோதரத்துவம் ஆகியவற்றைப் படிப்படியாக உணர்த்தும் மூன்று நிலைச் சடங்குகள் நடைபெற்றன. நாட்டுப்பற்றை முதன்மைப்படுத்தும் நான்காம் நிலை 1900-இல் சேர்க்கப்பட்டது. மன்றக் கூட்டங்களில் சொற்பொழிவும் கலந்துரையாடலும் நிகழச் செய்வதற்கெனத் தனிப் பொறுப்பாளர் இருந்தார். 1925-இல் மினசோட்டாவின் டூலூத் நகரில் சிறுவர்க்கான 'கொலம்பியன் ஸ்கொயர்ஸ்' தொடங்கப்பட்டதால், வருங்கால உறுப்பினரை இளமையிலேயே பயிற்றுவிக்கும் வழியும் பிறந்தது.

வாக்குப் பெட்டியும் விலக்கலும்

முன்மொழிபவர் தமக்குத் தெரிந்தவரையே அழைத்து வருவார். மறைவாக்கில் ஒரு சிலர் எதிர்த்தாலே விண்ணப்பம் தள்ளுபடியாகும். தகுதியற்றவரைத் தடுக்க அமைந்த இவ்விதி நிறப் பாகுபாட்டிற்கும் மறைவிடமாயிற்று. கொலம்பஸ் வீரர்களுள் இடம்பெற இயலாத கறுப்பினக் கத்தோலிக்கருக்காக 1909-இல் அலபாமாவின் மொபீல் நகரில் 'நைட்ஸ் ஆஃப் பீட்டர் கிளேவர்' அமைப்பு உருவானது. 1963-இல் சிகாகோவில் கறுப்பினப் பட்டதாரி ஒருவரின் விண்ணப்பம் மறுக்கப்பட்டபோது, மன்றப் பொறுப்பாளர் அறுவர் பதவி விலகினர். செய்தி நாடெங்கும் பரவியது. 1964-இல் நியூ ஆர்லியன்சில் கூடிய பேரவை, வாக்களிப்போரில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் குறையாதோர் எதிர்த்தாலன்றி எவரையும் மறுக்கலாகாது என விதியைத் திருத்தியது. தலைமையின் விருப்பம் மட்டும் போதாது, சேர்க்கை விதியே மாறவேண்டியிருந்தது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

முடிவுரை

2020-இல் முதல் மூன்று நிலைகளும் ஒரே சடங்காக இணைக்கப்பட்டு, குடும்பத்தினர் முன்னிலையில் நிகழ்த்த வழிசெய்யப்பட்டது. மறைவைத் தளர்த்திய இம்மாற்றம், சேர்க்கையை ஊரறியச் செய்யும் போக்கின் தொடர்ச்சி எனலாம். கைம்பெண்ணின் துயர்துடைக்க எழுந்த அமைப்பில், அறிமுகம் என்னும் உறவு பரிவின் வாயிலாகவும் தடையாகவும் செயற்பட்டுள்ளது. சகோதர அமைப்புகளின் வரலாற்றை ஆராய்வோர் சேர்ந்தவர் தொகையோடு நில்லாது, எவர் எந்த விதியால் வெளியே நிறுத்தப்பட்டனர் என்பதையும் கணக்கிற்கொள்வது தேவை.