மதுரைச் சமவெளியில் காவல் துப்பாக்கி

மதுரை நகரிலும் சுற்றியுள்ள சமவெளி ஊர்களிலும் வீடு, களம், வழி ஆகியவற்றின் பாதுகாப்புக்காக வைக்கப்பட்ட துப்பாக்கிகளின் வரலாறு, பாளையக்காரர் காலத்துத் திரித்துப்பாக்கி முதல் இன்றைய உரிமத் துப்பாக்கி வரை நீள்கிறது. துப்பாக்கி கையில் இருந்தால் மட்டும் போதாது, அது எந்நிலையில் இருக்கிறது என்று வைத்திருப்பவர் அறிந்திருக்க வேண்டும் என்பது எல்லாக் காலத்துக்கும் பொருந்திய தேவையாகும்.

காவல் முறை

நாயக்கர் ஆட்சியில் மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களும் பாளையக்காரர்களின் பொறுப்பில் விடப்பட்டன என்பது மரபு. ஊரைக் காப்பது தலக்காவல் எனவும், பல ஊர்களையும் வழிகளையும் காப்பது திசைக்காவல் எனவும் வழங்கின. காவலர் இதற்குக் கூலி பெற்றனர். களவு போன பொருளை மீட்க இயலாவிட்டால் ஈடு செய்வதும் அவர்கள் கடமை. வேல், வாள், வளரி ஆகியவற்றுடன் திரித்துப்பாக்கியும் பாளையப் படைகளில் இருந்தது.

திரித்துப்பாக்கியின் ஆயத்தம்

இவ்வகைத் துப்பாக்கியில் குழலின் வாய்வழியே மருந்தையும் குண்டையும் இட்டுக் கோலால் இடிப்பார்கள். குழலின் பக்கத்தில் உள்ள சிறு துளையருகே தூள்மருந்து வைத்து, கனலும் திரியால் பற்றவைப்பார்கள். அடைக்க நேரம் பிடிக்கும் என்பதால், உடனே பயன்பட வேண்டிய துப்பாக்கியை முன்கூட்டியே அடைத்து வைக்க வேண்டியிருந்தது.

அப்படி வைத்தாலும் ஆயத்தம் நிலைப்பதில்லை. வெடிமருந்து ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மருந்தும் திரியும் நமுத்துப் போகும். வெடித்தபின் குழலில் படியும் கரியும் ஈரம் இழுத்து இரும்பைத் துருவேற்றும் என்பதால் நீர் விட்டுக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். துளை அடைபட்டால் வெளியில் வைத்த மருந்து மட்டும் எரியும், குண்டு புறப்படாது. இருட்டில் கனலும் திரி, காவலர் நிற்கும் இடத்தையும் காட்டிக்கொடுக்கும்.

நிலையறியும் முறை

வாய்வழி அடைக்கும் துப்பாக்கியை வெளியிலிருந்து பார்த்து, அடைத்ததா வெற்றா என்று சொல்ல முடியாது. இடிக்கும் கோலே இதற்கு அளவுகோலாயிற்று. வெற்றுக் குழலில் கோல் அடிவரை இறங்கும். மருந்தும் குண்டும் இருந்தால் அந்த அளவுக்கு வெளியே நீண்டு நிற்கும். ஒருவர் அடைத்து வைத்ததை அறியாமல் மற்றொருவர் மீண்டும் அடைத்தால், சுடும்போது குழலே வெடிக்கக்கூடும்.

1801 ஆயுதத் தடை

1799இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டபின், பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் மேஜர் பானர்மேன் ஆணையிட்டார். எனினும் 1801இல் போர் மீண்டும் மூண்டது. அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிக்கை, தென்பாளையங்களில் துப்பாக்கி, ஈட்டி முதலிய ஆயுதங்களைத் தடை செய்தது. பாளையக்காரர்களின் படைப்பணியும் முடிவுக்கு வந்தது. 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் ஊர்க்காவலைக் கும்பினியின் நிர்வாகத்தின்கீழ் கொண்டுவந்தது. ஊரைக் காக்கும் பொறுப்பு ஊராரிடம் தொடர்ந்தாலும், ஆயுதம் வைத்திருக்கும் உரிமை அரசின் அனுமதிக்கு உட்பட்டதாயிற்று.

உரிமச் சட்டங்கள்

1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது; ஐரோப்பியர்களுக்குப் பெருமளவில் விலக்கு இருந்தது. அதன் இடத்தில் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டம், பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி அடைக்கும் துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தனியாக இடமளிக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பொதுவாக ஒருவர் 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. தேர்தல் காலங்களில் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு அதிகாரிகள் கேட்பது வழக்கம்.

உரிமதாரர் இறந்தால், அவருடைய துப்பாக்கியைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். பாட்டன் காலத்துத் துப்பாக்கி பரணில் கிடைக்கும் வீடுகளுக்கு இந்த விதி முக்கியமானது. அதை அடைத்து வைத்தவர் இல்லாத நிலையில், அது வெற்றுத் துப்பாக்கி என்று யாரும் உறுதியளிக்க முடியாது. ஆகவே அதை அடைத்த துப்பாக்கியாகவே கருத வேண்டும். கையாளாமல் காவல் நிலையத்துக்குத் தகவல் தருவதே பாதுகாப்பானது.