கோவிந்தன் குடியிருந்த காம்பரா



தீர்க்கப்படாத கொலை என்றதும், கொன்றவர் யாரென்று கண்டுபிடிக்க முடியாமற்போன வழக்குகளே நம் நினைவுக்கு வரும். மலையகத்திலே அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. கொன்ற குண்டு எத்தரப்பிலிருந்து வந்தது என்பதை ஊரே அறியும். ஆனால் போன உயிருக்குப் பதில் சொன்னவர் எவருமில்லை. 1940ஆம் ஆண்டு ஜனவரி 10ஆந் திகதி, ஹேவாஹெட்ட மலைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான தொழிலாளி கோவிந்தனின் மரணம் அத்தகையது.

உலக யுத்தம் தொடங்கி நான்கு மாதங்களே ஆகியிருந்த காலம் அது. தோட்டத்துக்குள் ஒரு கூட்டம் போடுவதற்கும் துரையின் அனுமதி வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் சமசமாஜக் கட்சியினரின் தொழிற்சங்கம் லயங்களுக்குள் நுழைந்துவிட்டது. சம்பள உயர்வு கேட்டு முல்லோயாத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பொலிஸ் வந்தது. கோவிந்தன் விழுந்தார்.

அந்த ஒரு சம்பவத்தைப் பார்த்த கண்கள் பலவிதம். தோட்டத் துரைமாருக்கு அது வெளியார் தூண்டிவிட்ட கலகத்தின் விளைவு. பொலிஸாருக்கு ஒழுங்கைக் காக்கும் கடமை. லயத்து மக்களுக்கோ, கூலி கேட்ட குற்றத்துக்குக் கிடைத்த மரணம். பொதுமக்களின் நெருக்குதலால் அரசாங்கம் விசாரணைக் கமிஷன் ஒன்றை நியமித்தது. கோவிந்தனின் மனைவியின் சார்பிலே தோன்றிய கொல்வின் ஆர். டி சில்வா, பொலிஸாரின் பொறுப்பை மட்டுமன்றித் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்.

இதன் பின்னர் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. முல்லோயாத் தொழிலாளர் மீது பொலிஸார் தொடுத்த வழக்குகளை ஒத்திவைக்கும்படி உள்நாட்டு மந்திரி சேர் பாரன் ஜயதிலக கேட்டார். பொலிஸ் மா அதிபர் பாங்ஸ் இணங்கவில்லை. தேசாதிபதி கால்டிகொட் பொலிஸ் மா அதிபரின் பக்கம் நின்றார். பெப்ரவரியில் மந்திரிமார் இராஜினாமாச் செய்தார்கள். ஒரு தொழிலாளியின் மரணம் கொழும்பில் ஒரு மந்திரி சபையையே உலுக்கியது என்று இதனைப் பெருமையாகச் சொல்வோருண்டு. உண்மைதான். ஆனால் அந்த அமளியிலே கேள்வி மாறிவிட்டது. 'கோவிந்தனின் உயிருக்கு யார் பொறுப்பு?' என்பது பின்னே தள்ளப்பட்டு, 'பொலிஸ் யாருடைய அதிகாரத்தில் இருக்கிறது, மந்திரியினதா, தேசாதிபதியினதா?' என்பது முன்னே வந்து நின்றது. இரண்டாவது கேள்வி அரசியல் வரலாற்று நூல்களில் ஏறியது. முதலாவது லயத்திலேயே தங்கிவிட்டது.

அடுத்த ஆண்டு, 1941 மே மாதத்தில், புசல்லாவைப் பக்கத்து ஸ்டெலன்பேர்க் தோட்டத்தின் துரையான போப், இரவு விருந்தொன்றிலிருந்து திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். தொழிலாளர் பலர் மீது வழக்கு நடந்தது. வீராசாமி, வேலாயுதன் என்ற இருவர் 1942இல் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தக் கொலைக்கு நியாயம் கற்பிப்பது நமது நோக்கமன்று. இருட்டில் வழிமறித்துக் கொன்றால் கொலை கொலைதான். நாம் எண்ணிப்பார்க்க வேண்டியது வேறு. ஒரே மலைநாட்டில் பதினாறு மாத இடைவெளியில் இரண்டு மரணங்கள். ஒன்றுக்கு மறு ஆண்டிலேயே இரண்டு உயிர்கள் ஈடாகக் கொடுக்கப்பட்டன. மற்றதற்காக ஒருவரும் தூக்குமேடை ஏறவில்லை.

இனி, வீட்டின் கதை. இலங்கையில் வர்த்தகத்துக்கென முதன்முதலில் தேயிலை பயிரிடப்பட்ட லூல்கந்துர தோட்டம் இதே மலைப்பக்கத்தில்தான் இருக்கிறது. 1867இல் அதைத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லரின் வீட்டில் எஞ்சிய அடுப்புப் புகைபோக்கியையும், அவர் அமர்ந்திருந்த கல்லாசனத்தையும் உல்லாசப் பயணிகள் இன்றும் பார்த்து வருகிறார்கள். பார்க்கட்டும்; அதுவும் வரலாறே. ஆனால் கோவிந்தனைப் போன்றோரின் வீடு எது? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு, தகரக் கூரை. அதற்கும் அவர் சொந்தக்காரரல்லர். பெயர் பிரட்டில் இருக்கும் வரைதான் காம்பரா. வேலை போனால் பற்றுச்சீட்டுடன் வீடும் போய்விடும். ஒருவர் போன காம்பராவில் வேறொரு குடும்பம் உலை வைக்கும். கொல்லப்பட்டவரின் வீடென்று சுட்டிக்காட்டும் உரிமையைக்கூட அந்த ஏற்பாடு விட்டுவைக்கவில்லை.

சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்திலே தொழிற்சங்கம் கட்ட முனைந்தவனின் கதையை எழுதி அதற்கு 'வீடற்றவன்' என்று பெயரிட்டது இதனாலேயே பொருந்துகிறது. அன்று சங்கத்தில் சேர்ந்தவன் சம்பளத்தை மட்டுமா பணயம் வைத்தான்? பெண்டு பிள்ளைகள் படுத்துறங்கும் கூரையையும் சேர்த்தல்லவா வைத்தான்! 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, கூரைக்கு நேர்ந்ததே நாட்டுக்கும் நேர்ந்தது. உழைக்கும் வரை இரு, உரிமை கேளாதே என்ற லயத்துச் சட்டம் தேசச் சட்டமாயிற்று.

மலையகத் தியாகிகளின் வரிசையில் கோவிந்தனின் பெயரே முதலில் சொல்லப்படுகிறது. ஜனவரி 10ஆந் திகதி அவர் நினைவாகக் கூட்டங்களும் நடக்கின்றன. மாலையும் மேடையும் நல்லவையே. ஆயினும் தியாகி என்று சொல்லிவிட்டால் வழக்கு முடிந்துவிட்டதாக ஓர் எண்ணம் நமக்குள் புகுந்துவிடுகிறது. கோவிந்தன் சாகப் புறப்பட்டவரல்லர். கூலி கேட்டுவிட்டுக் காம்பராவுக்குத் திரும்ப நினைத்தவர். அவர் எப்படித் திரும்பாமற்போனார், அவர் வீட்டார் அதன்பின் எங்கே ஒண்டினார்கள் என்ற விபரங்கள், அன்றைய தொழிலாளரின் பேரன் பேத்திமாரிடம் வாய்மொழியாகவேனும் எஞ்சியிருக்கக்கூடும். அவற்றைக் கேட்டு எழுதிவைக்க நீதிமன்றம் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் பொறுமையும் போதும்.