கணக்குப்பிள்ளை வேடம்

பசியின் கொடுமையை உரைக்கக் கண்ணீர்தான் வேண்டுமா, தோழர்களே? ஆங்கிலேயர் ஆதிக்கத்தில் அயர்லாந்து பஞ்சத்தில் வாடியபோது, 1729-இல், ஜோனதன் சுவிஃப்ட் ‘ஓர் எளிய யோசனை’யைப் பெயரின்றி வெளியிட்டார். அவர் பாதிரியார், பூண்டதோ கணக்குப்பிள்ளை வேடம்! ஏழைக் குழந்தை ஓராண்டில் 28 இராத்தல். வளர்ப்புச் செலவு 2 ஷில்லிங். செல்வர் விருந்துக்கு உணவாக விற்றால் 10 ஷில்லிங்! குரலில் சினமில்லை, நடுக்கமில்லை. நடுங்குவது படிக்கும் நாம். மக்களை வரவு செலவாகவே எண்ணிய ஆதிக்கத்தை அதன் மொழியிலேயே பேச வைத்துவிட்டார். பெற்றோரை முன்பே விழுங்கிய நிலக்கிழாருக்கே பிள்ளைகளும் உரியர் என்னுமிடத்தில் மட்டும் முகமூடி சற்றே விலகுகிறது. அயல்நாட்டில் சுகிக்கும் நிலக்கிழாருக்கு வரி, உள்நாட்டுத் துணியையே உடுத்தல் போன்ற மெய்யான வழிகளை எவரும் பேசவேண்டா எனத் தள்ளுகிறது அக்குரல். தள்ளும் சாக்கில் ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணிச் சொல்லியும்விடுகிறது!