128 படிகளும் ஒரு விரலும்

மின்வழி ஒலிப்பதிவின் முதல் சில பத்தாண்டுகளில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் பெரிய வட்டக் குமிழ்கள்தான் இருந்தன. வானொலி நிலையங்களிலிருந்து வந்த பழக்கம் அது. ஒரு குமிழைத் திருக ஒரு முழுக் கை வேண்டும். இரண்டு மூன்று மைக்குகளை மட்டும் வைத்து ஒரே மூச்சில் பாட்டை முடித்துவிடும் காலத்தில் அது யாருக்கும் பெரிய இடைஞ்சலாகப் படவில்லை.

நியூயார்க்கின் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸில் சவுண்ட் என்ஜினியராக இருந்த டாம் டௌடுக்கு அது இடைஞ்சலாகப் பட்டது. அவர் பியானோ கற்றவர்; இளம் வயதில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அணுகுண்டுத் திட்டத்துக்காக வேலை பார்த்தவர். 1950களின் பிற்பகுதியில், மற்ற கம்பெனிகள் இரண்டு மூன்று ட்ராக்கோடு நின்றிருந்தபோது, அட்லாண்டிக் எட்டு ட்ராக் டேப் மெஷினை வாங்கியது. எட்டு ட்ராக்குக்கு எட்டுக் குமிழ். மனிதனுக்கோ இரண்டே கை. மேலும் கீழும் வழுக்கி ஓடும் பிடிகளை, அதாவது ஃபேடர்களை, டௌட் கன்சோலில் வரிசையாகப் பொருத்தினார். இப்போது ஒரு விரலுக்கு ஒரு ட்ராக். பத்து விரலையும் பரப்பிவைத்து மிக்ஸையே வாசிக்கலாம். வழுக்கும் பிடி வேறு சில இடங்களில் முன்பே இருந்ததுதான். ஆனால் அதை இசைப்பதிவின் நடுவே கொண்டுவந்து உட்காரவைத்ததில் டௌடின் பங்கு பெரிது. ரே சார்ல்ஸையும் ஜான் கோல்ட்ரேனையும் பதிவு செய்த கை அது.

அப்படிப்பட்ட ஃபேடருக்குள் பொதுவாக இருந்தது எளிமையான விஷயம். நீளமான ஒரு கரித்தடம், அதன்மேல் உரசிக்கொண்டு ஓடும் ஒரு உலோக நாக்கு. பாடகரின் குரல் மின்சாரமாக அந்தத் தடத்தின் வழியாகவே போனது. தூசி படிந்தால் ஸ்பீக்கரில் கரகரவென்று கேட்கும். காது சத்தத்தை உணரும் விதத்துக்கு ஏற்றபடி, தடத்தின் தடை சீராக ஏறாமல் வளைவாக ஏறும்படி அமைத்திருப்பார்கள். 1970களின் பிற்பகுதியில் நீவ் நிறுவனத்தின் நெகாம் அமைப்பு இதில் மோட்டாரைச் சேர்த்தது. என்ஜினியர் ஒருமுறை செய்த அசைவுகளை அது நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்தமுறை டேப் ஓடும்போது ஃபேடர்கள் தாமாகவே ஏறி இறங்கும்.

1983 ஜனவரியில் அமெரிக்காவின் நாம் (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் ஒரு சிந்தசைசரையும் ரோலண்டின் ஒரு சிந்தசைசரையும் ஒரே ஒயரால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றை வாசித்தால் மற்றொன்றும் பேசியது. டேவ் ஸ்மித்தும் இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று உருவாக்கிய மிடி என்ற பொது மொழி அதுதான். ஃபேடரின் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை என்பேன். ஏனென்றால் மிடிக்காகச் செய்த ஃபேடருக்குள் இசை போவதே இல்லை. உள்ளே ஓடுவது வெறும் ஒரு சிறு மின்னழுத்தம். அதை ஒரு சிப் அளந்து எண்ணாக மாற்றி அனுப்புகிறது. அந்த எண் ஒலியளவை மாற்றலாம், ஃபில்டரைத் திறக்கலாம், எதிரொலியை நீட்டலாம். தடம் வளைவாக ஏறவேண்டிய தேவையும் போயிற்று. நேராக ஏறினால் போதும், வளைவைச் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும்.

மிடியின் சாதாரணக் கட்டுப்பாட்டுச் செய்தி 0 முதல் 127 வரைதான் எண்ணும். மொத்தம் 128 படிகள். அன்றைய சிப்புகளுக்கும், நொடிக்கு 31,250 பிட் என்ற வேகத்துக்கும் அது நியாயமான பங்கீடு. ஒலியளவுக்குப் பெரும்பாலும் அது போதும். ஃபில்டருக்குப் போதாது. ஃபில்டர் ஒலியை வெட்டும் இடம் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை ஓடும்: ஏறக்குறைய பத்து ஸ்தாயி, அதாவது 120 அரைச்சுரம். அத்தனை தூரத்தையும் ஒரே ஃபேடரில் அடக்கினால், ஒரு படி நகர்ந்தாலே ஃபில்டர் கிட்டத்தட்ட ஒரு அரைச்சுரம் தாவும். ரெசொனன்ஸைக் கூட்டிவைத்து ஒரு நிமிடம் முழுக்க மெல்லத் திறக்கும் டெக்னோ பாணி ஏற்றத்தை இப்படிச் செய்தால் அரை நொடிக்கு ஒரு படி. வழுக்கவேண்டிய ஒலி படிக்கட்டில் ஏறும். பல சாஃப்ட்வேர்கள் இடைவெளியை நிரப்பி இதை மறைக்கின்றன. எல்லாமே அப்படிச் செய்வதில்லை.

மிடியை வகுத்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. இரண்டு செய்திகளைச் சேர்த்து அனுப்பினால் 16,384 படி கிடைக்கும் என்று தரத்திலேயே வழி வைத்திருந்தார்கள். பிட்ச் பெண்ட் சக்கரத்துக்கு அந்த நுணுக்கம் தொடக்கத்திலிருந்தே உண்டு. ஃபேடர் பெட்டியும் சாஃப்ட்வேரும் பேசிக்கொள்ளும் மேக்கி கண்ட்ரோல் முறையை வகுத்தவர்கள் ஃபேடரின் இருப்பிடத்தைப் பிட்ச் பெண்ட் செய்தியாகவே அனுப்பினார்கள். எட்டு ஃபேடருக்கு எட்டு சேனல், மாஸ்டருக்கு ஒன்பதாவது. சுரத்தை வளைக்க வைத்த வாகனத்தில் ஒலியளவை ஏற்றி அனுப்பிய அந்த யோசனையை இன்றும் பல கண்ட்ரோலர்கள் அப்படியே பின்பற்றுகின்றன. 2020இல் வந்த மிடி 2.0 கட்டுப்பாட்டு எண்ணை 32 பிட்டுக்கு உயர்த்திவிட்டது. என்றாலும் கடையில் கிடைக்கும் சிறிய பெட்டிகளில் மிகப் பல இன்னும் 128இலேயே நிற்கின்றன.

ஃபேடர்களையே முதன்மையாகக் கொண்ட தனிப் பெட்டிகள் இதற்கிடையில் வந்துவிட்டன. ஜே.எல். கூப்பரின் ஃபேடர்மாஸ்டரில் எட்டு, பீவியின் பி.சி. 1600இல் பதினாறு. பின்பு பெரிங்கரின் பி.சி.எஃப். 2000, 100 மில்லிமீட்டர் மோட்டார் ஃபேடர்கள் எட்டைச் சாதாரண வீட்டு ஸ்டூடியோவின் கைக்கெட்டும் விலைக்குக் கொண்டுவந்தது. 2008இல் கோர்க் நானோகண்ட்ரோல் ஒன்பது ஃபேடரை லேப்டாப் பைக்குள் அடக்கியது.

இவற்றில் எதை வாங்குவது? பலர் முதலில் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள்: எட்டா, பதினாறா. நான் முதலில் பார்க்கச் சொல்வது ஃபேடர் ஓடும் நீளத்தையும் படிகளின் எண்ணிக்கையையும் சேர்த்து. 60 மில்லிமீட்டர் ஃபேடரில் 128 படி என்றால் ஒரு படிக்கு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். விரலுக்கு அது நல்ல பொருத்தம்; நோவேஷன் லாஞ்ச் கண்ட்ரோல் எக்ஸ்.எல். இந்த அளவில்தான் இருக்கிறது. அதே 128 படியை 100 மில்லிமீட்டரில் பரப்பினால் முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் விரல் நகர்ந்த பிறகுதான் எண் மாறும். நீளத்துக்குக் கொடுத்த காசில் ஒரு பகுதி வீண். நீள ஃபேடர் வேண்டுமென்றால் நுணுக்கமான எண்ணும் அதில் இருக்கவேண்டும். 100 மில்லிமீட்டரில் ஆயிரம் படி வந்தால் ஒரு படிக்கு 0.1 மில்லிமீட்டர், அதற்குமேல் விரலால் பிரித்துணர்வது கடினம்.

மோட்டார் அடுத்த கேள்வி. பல மோட்டார் ஃபேடர்களின் தலை மின்சாரம் கடத்தும்படி செய்யப்பட்டிருக்கும். விரல் பட்டதும் கருவி அதை உணர்ந்து மோட்டாரை விடுவித்துவிடும், எடுத்தபின் சாஃப்ட்வேரின் எண் சொல்லும் இடத்துக்குப் பல்பட்டையோ நூலோ இழுத்துச் செல்லும். நாற்பது ட்ராக்கை எட்டு எட்டாகப் புரட்டி மிக்ஸ் செய்பவருக்கு இது பெரிய நிம்மதி. மோட்டார் இல்லாத பெட்டியில் அடுத்த எட்டுக்குப் போனதும் ஃபேடர் ஓரிடத்தில், சாஃப்ட்வேரின் எண் வேறிடத்தில். தொட்டவுடன் ஒலி குதிக்கும். ஏபிள்டன் லைவ் என்ற சாஃப்ட்வேர் இதற்காகவே, ஃபேடர் பழைய எண்ணைக் கடக்கும்வரை காத்திருந்து பற்றிக்கொள்ளும் வழியையும், இடைவெளியைச் சிறுகச் சிறுகச் சரிக்கட்டும் வழியையும் வைத்திருக்கிறது.

மேடையில் எலக்ட்ரானிக் இசை வாசிப்பவருக்கு மோட்டார் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. அங்கே எட்டு ஃபேடர், எட்டு வேலை, அவை மாறவே கூடாது. கிக் எங்கே, பேஸ் எங்கே என்று இருட்டிலும் விரலுக்குத் தெரியவேண்டும். ஆர்கெஸ்ட்ரா சாம்பிள்களை வைத்துப் பின்னணி இசை அமைப்பவரின் தேவையோ வேறு: இடது கைக்கு இரண்டே இரண்டு நீள ஃபேடர், ஒன்று மாடுலேஷனுக்கு, மற்றொன்று எக்ஸ்பிரஷனுக்கு. வயலின் வரிசை மூச்சு வாங்குவதும் விம்முவதும் அந்த இரண்டு விரலில்தான். அவருக்குப் பதினாறு ஃபேடர் வெறும் இடத்தை அடைக்கும் சாமான். வாசிக்கும்போதே எதிர்ப்புத் தரும், தளர்வாக ஓடாத ஃபேடரைத்தான் அவர் தேடவேண்டும். அதைப் படம் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, கடைக்குப் போய்த் தொட்டுத்தான் பார்க்கவேண்டும்.

பழையதை வாங்கினால் ஒரு சோதனை அவசியம். முன்பு ஸ்பீக்கரில் கரகரத்த தூசி இப்போது சத்தமே போடாது, எண்ணாகத் துடிக்கும். மிடி மானிட்டர் என்ற இலவச சாஃப்ட்வேரைத் திறந்துவைத்து, ஃபேடரைப் பாதியில் நிறுத்திக் கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். 63, 64, 63, 64 என்று தானாக ஓடிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் தடம் அழுக்காகிவிட்டது அல்லது தேய்ந்துவிட்டது. ஃபேடரின் அசைவை ஆட்டோமேஷனாகப் பதியும்போது அந்தத் துடிப்பும் பாட்டில் ஏறிவிடும். பிறகு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக நகர்த்துங்கள். ஒரு எண்கூட விடாமல் வருகிறதா, கீழே 0 வந்ததா, மேலே 127ஐத் தொட்டதா என்று பாருங்கள். 126இல் நின்றுவிடும் ஃபேடரை எவ்வளவு தள்ளினாலும் அந்த ட்ராக் முழு அளவுக்கு ஏறாது. கீழே 1இல் நின்றுவிட்டால், மௌனமாக இருக்கவேண்டிய இடத்தில் ரீவெர்ப் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும்.