இரு சக்கரங்களும் ஓர் அச்சும்

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் நெடிய மின்னஞ்சல் ஒன்று எழுதியிருந்தார். இளங்கலை இயற்பியல் படித்த காலத்தில் பகுதி ஒன்று தமிழை நம்மிடம் பாடம் கேட்டவர். ஜப்பானிலிருந்து இறக்குமதியான 1990ஆம் ஆண்டு மாஸ்தா எம்.எக்ஸ்-5 கார் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறார். இரண்டே இருக்கைகள், பின்சக்கர இயக்கம், மடக்கிவிடக்கூடிய கூரை. அதன் டிஃபரன்ஷியல் தேய்ந்து செயலிழந்துவிட்டதாம். அதே வகையைத் தேடிப் பொருத்துவதா, பற்சக்கர வகைக்கு மாறுவதா, பந்தயக்காரர்கள் விரும்பும் தட்டு வகையை வாங்குவதா என்பது அவருடைய குழப்பம். “ஐயா, இது உங்கள் துறையன்று என்பது தெரியும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை” என்று முடித்திருந்தார்.

நமக்கு ஸ்கூட்டரைத் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது. எனினும் ஒரு பொருளின் வரலாற்றைப் படிக்க அதனை ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை அல்லவா? படிக்கத் தொடங்கியதும் அவர் குடியிருக்கும் ஊரே அந்த வரலாற்றில் எதிர்ப்பட்டது.

முதலில் சிக்கல் இன்னதென்று காண்போம். கார் வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட நீண்ட தொலைவு செல்ல வேண்டும். இரு சக்கரங்களுக்கும் இடையே 1.4 மீட்டர் அகலம் என்று கொண்டால், ஒரு முழு வட்டம் சுற்றி வருவதற்குள் வெளிச்சக்கரம் ஏறத்தாழ 8.8 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். வட்டம் சிறியதாயினும் பெரியதாயினும் இந்த வேறுபாடு மாறாது என்பது வியப்பூட்டும் வடிவியல் உண்மை. இரண்டையும் ஒரே இரும்பு அச்சில் இறுகப் பூட்டினால் ஏதேனும் ஒன்று தரையில் உராய்ந்து தேய்ந்தே ஆகவேண்டும். மாட்டு வண்டிக்கு இத்தொல்லை இல்லை. அதன் சக்கரங்களை எதுவும் சுழற்றுவதில்லை, அவை இழுபட்டுத் தாமே சுழல்கின்றன. எந்திரம் சக்கரத்தைச் சுழற்றத் தொடங்கியபோதுதான் தொல்லையும் தொடங்கியது.

பிரான்சின் ஒனெசிஃபோர் பெக்கர் நீராவி வண்டிக்கென 1828இல் பெற்ற காப்புரிமையில் இதற்கான விடை இருந்தது. எந்திரத்தின் விசையை இரு அரை அச்சுகளுக்கும் பகிர்ந்தளித்து, அவை வெவ்வேறு வேகத்தில் சுழலவும் இடந்தரும் பற்சக்கரத் தொகுதி அது. ஆனால் நமக்குப் பிடித்த கதை கவென்ட்ரிக்காரரான ஜேம்ஸ் ஸ்டார்லியுடையது. அருகருகே இருவர் அமர்ந்து, ஆளுக்கொரு சக்கரத்தை மிதித்து ஓட்டும் வண்டியில் அவரும் மகன் வில்லியமும் சென்றபோது, இளைஞரான மகனின் மிதி வலுவாக இருந்ததால் வண்டி தந்தையின் பக்கமாகவே திரும்பித் திரும்பிச் சென்றதாம். சமமற்ற இருவரை ஒரு வண்டியில் எவ்வாறு நேராகச் செலுத்துவது என்ற கேள்வியிலிருந்து 1877இல் அவருடைய காப்புரிமை பிறந்தது. கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கக்கூடும், காப்புரிமை மெய். அவருக்கு எழுப்பிய நினைவுச்சின்னம் இன்றும் அந்நகரில் நிற்கிறது. நம் மாணவர் பலமுறை அதனைக் கடந்திருக்கிறார், யாருடையது என்று அறியாமலே.

இங்கே ஒரு சொற்பிழையைத் திருத்தியாக வேண்டும் (தமிழாசிரியரின் பழக்கம், வாசகர் பொறுத்தருள்க). சாதாரண டிஃபரன்ஷியல் ‘வழுக்கும் சக்கரத்துக்கே எல்லா விசையையும் கொடுத்துவிடுகிறது’ என்று பலரும் எழுதுகின்றனர். உண்மை அதற்கு நேர்மாறானது. அது எப்போதும் இரு சக்கரங்களுக்கும் சமமான முறுக்குவிசையையே தருகிறது. சமமாகத் தருவதே அதன் குறை. சேற்றில் நிற்கும் சக்கரம் சிறிதளவு விசையையே ஏற்கும். ஆகவே உலர்ந்த தார்ச்சாலையில் நிற்கும் மற்றொன்றுக்கும் அதே சிறிதளவுதான் கிடைக்கும். வலியதன் பங்கை மெலியது தீர்மானிக்கிறது. வளைவிலிருந்து வேகமெடுத்து வெளியேறும் ஸ்போர்ட்ஸ் காரிலும் இதுவே நிகழ்கிறது. எடை வெளிப்பக்கம் சாய, உட்புறச் சக்கரம் பிடிப்பிழந்து வீணே சுழலும். கார் முன்னேறுவதில்லை.

இது பெருஞ்சிக்கலாக வெடித்தது 1930களின் ஜெர்மனியில். ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த ஆட்டோ யூனியன் பந்தயக் காரின் எடை, 1934இல் நடப்புக்கு வந்த விதிப்படி 750 கிலோவைத் தாண்டக்கூடாது. அதில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே பதினாறு சிலிண்டர் எஞ்சின். 1936இல் அதன் கொள்ளளவு 6 லிட்டராகவும், ஆற்றல் ஏறத்தாழ 520 குதிரைத்திறனாகவும் வளர்ந்துவிட்டன. அக்காலத்து டயர்களோ ஒல்லியானவை. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம் வரையில்கூட ஒரு பின்சக்கரம் வழுக்கிச் சுழன்றதாம்! போர்ஷே இச்சிக்கலை இசட்.எஃப் என்னும் பற்சக்கர நிறுவனத்திடம் ஒப்படைக்க, 1935இல் கிடைத்தது வழுக்கலை மட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல். இரு வளையங்களிடையே நழுவும் சிறு முளைகள், வேக வேறுபாடு மிகும்போது உராய்ந்து தடுக்கும். இரு சக்கரங்களுக்கும் முழு விடுதலையும் இல்லை, முழுப் பிணைப்பும் இல்லை. ‘லிமிடெட் ஸ்லிப்’ என்ற பெயரின் பொருள் அதுவே.

பந்தயத்தில் பிறந்த இக்கருவி பொதுமக்களிடம் வந்தது வேகத்தின் பெயரால் அன்று. பனியின் பெயரால், சேற்றின் பெயரால். அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் 1956இல் ‘ட்வின் டிராக்‌ஷன்’ என்று இதனை விற்றது. அவ்வாண்டே அந்நிறுவனத்தின் டெட்ராய்ட் உற்பத்தி நின்றுபோனது. ஆயினும் கருவி பிழைத்துக்கொண்டது. 1957இல் ஷெவ்ரலே கார்வெட்டில் ‘பாசிட்ராக்‌ஷன்’, 1961இல் ஜாகுவார் ஈ-டைப்பில் ‘பவர்-லாக்’ என்று வரிசை நீள்கிறது. 1992இல் வெளிவந்த ‘மை கசின் வின்னி’ திரைப்படத்தில் ஒரு கொலை வழக்கே இதன்மீது நிற்கிறது. சாலையில் இரு சக்கரங்களும் பதித்த சமமான தடங்களைக் கண்டு, சாதாரண டிஃபரன்ஷியல் கொண்ட கார் அவற்றை விட்டுச் சென்றிருக்க முடியாது என்று சாட்சிக் கூண்டில் ஒரு பெண் நிறுவுவார். அவ்வேடத்துக்காக மரிசா டோமே ஆஸ்கர் பெற்றார். நம் மாணவர் இப்படத்தை மும்முறை பார்த்திருப்பதாக எழுதியிருந்தார். வாங்கிய காருக்குக் காரணம் அதுவோ என்னவோ.

இனி அவருடைய மூன்று வழிகள். தட்டு வகையில் உராய்வுத் தட்டுகள் அடுக்காக இருக்கும். எஞ்சின் அழுத்தும்போது உள்ளிருக்கும் குறுக்குத்தண்டு சரிவான பள்ளத்தில் ஏறி, தட்டுகளை நெருக்கி, இரு சக்கரங்களையும் பிணைக்கும். சரிவின் கோணத்தை மாற்றினால் பிணைப்பின் அளவு மாறும். முடுக்கும்போது மட்டும் பிணைவது ஒருவழி, வேகம் தணியும்போதும் அதே அளவில் பிணைவது இருவழி, தணியும்போது ஓரளவே பிணைவது ஒன்றரைவழி. இப்படி ஓட்டுபவரின் குணத்துக்கேற்பத் தைத்துக்கொள்ளலாம். ஆனால் தட்டுகள் தேயும்; தனி எண்ணெய் கேட்கும்; மெதுவாகத் திரும்பும்போது முனகும். கடைத்தெருவுக்குப் போய்வர இந்த முனகல் எதற்கு?

பற்சக்கர வகை 1958இல் அமெரிக்கரான வெர்னான் கிளீஸ்மன் பெற்ற காப்புரிமையில் தொடங்குகிறது. பின்னாளில் ‘டார்சன்’ என்று பெயர் பெற்றது. திருகுபோன்ற பற்சக்கரம் அடுத்ததை எளிதாகச் சுழற்றும்; அடுத்தது திருகைச் சுழற்ற முயன்றால் இறுகிக்கொள்ளும். இவ்வியல்பைக் கொண்டு அது, பிடிப்புக் குறைந்த சக்கரம் ஏற்கும் விசையை ஒரு மடங்கால் பெருக்கி மற்றதற்குத் தருகிறது. மடங்கு மூன்று எனில் அங்கே ஒரு பங்கு, இங்கே மூன்று பங்கு. நழுவல் நிகழும்வரை காத்திராமலே, ஓசையின்றி இது நடக்கிறது. குறை ஒன்றுண்டு. ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால் அது ஏற்கும் விசை ஏறக்குறையப் பூஜ்யம். பூஜ்யத்தை மூன்றால் பெருக்கி என்ன பயன்? இவ்வகை பூண்ட அமெரிக்க இராணுவத்தின் ஹம்வீ ஓட்டுநர்களுக்கு, அந்நிலையில் முடுக்கியபடியே பிரேக்கை மெல்ல அழுத்தக் கற்பித்தார்கள். பிரேக் தரும் எதிர்ப்பு பூஜ்யத்தைப் பூஜ்யமல்லாததாக்கிவிடும்.

மூன்றாவது, மாணவரின் காரில் தேய்ந்துபோன பசைத்திரவ வகை. சிலிக்கோன் திரவத்தில் மூழ்கிய தட்டுகள், வேக வேறுபாடு மிகும்போது திரவத்தின் எதிர்ப்பால் ஒன்றையொன்று இழுக்கும். மென்மையானது, மலிவானது. ஆனால் வழுக்கிய பிறகே விழித்துக்கொள்ளும். ஆண்டுகள் செல்லச் செல்லத் திரவம் சோர்ந்துபோகும்.

எம்.எக்ஸ்-5 காரின் வரலாறே இம்மூன்றையும் எடைபோட்டுப் பார்த்த வரலாறு என்று நமக்குத் தோன்றுகிறது. 1989இல் 1.6 லிட்டர் எஞ்சினோடு வந்தபோது பசைத்திரவ வகை விருப்பத் தேர்வாக இருந்தது. ஐந்தாண்டுகூட ஆகவில்லை, 1.8 லிட்டர் எஞ்சின் வந்ததும் அதனைக் கைவிட்டு டார்சனுக்கு மாறினர். கூடவே பின்னச்சின் பெரிய பல்சக்கர வளையத்தையும் 6 அங்குலத்திலிருந்து 7 அங்குலமாக்கினர். பிற்காலத் தலைமுறையில் கூம்பு வடிவ உராய்வு வகை இடம்பெற்றது. 2024ஆம் ஆண்டு மாதிரியிலோ, முடுக்கும்போது குறைவாகவும் வேகம் தணியும்போது மிகுதியாகவும் பிணையும் சமச்சீரற்ற வகை. வளைவுக்குள் நுழையும் கணத்தில் பின்பக்கம் அலையாதிருக்க அந்த ஏற்பாடு. பந்தயக்காரர்கள் சரிவுக் கோணத்தில் தேடிய நுட்பம் சாதாரண விற்பனைக் காருக்கு வர இத்தனை காலம் பிடித்திருக்கிறது.

மின்னணுவியலும் உள்ளே நுழைந்துவிட்டதை மறைக்கவில்லை. ஃபெராரி தன் எஃப்430 காரில் 2004இல் கணினி ஆளும் டிஃபரன்ஷியலை வைத்தது. மெக்லாரன் 2011இல் விற்பனைக்கு வந்த காரில் சாதாரண டிஃபரன்ஷியலையே வைத்துக்கொண்டு, உட்சக்கரத்தின் பிரேக்கைத் தானே பிடிக்கும் ஏற்பாட்டால் காரியத்தை முடித்தது. இவை நம் மாணவரின் பணப்பைக்கு எட்டாதவை என்பதால் இவ்வளவில் நிறுத்துகிறோம்.

அவருக்கு நாம் எழுதிய பதில் இது. வார இறுதிகளில் பந்தயத் தடத்துக்குச் செல்வீராயின் தட்டு வகை, ஒன்றரைவழி. ஆண்டுதோறும் பிரித்துப் பார்க்கும் பொறுமை வேண்டும். ஈரச் சாலையில் அலுவலகம் சென்று, ஞாயிறன்று மலைப்பாதையில் மகிழ்வதே நோக்கமெனில் டார்சன். பசைத்திரவ வகையை மட்டும் மீண்டும் தேடாதீர். நல்ல நிலையில் கிடைத்தாலும் அதுவும் உம்முடையதன் வயதினதாகவே இருக்கும். இன்னொன்று: 7 அங்குல வகை உம் வண்டியில் நேரே பொருந்தாது, அரை அச்சுகளையும் நடுத்தண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். அந்தச் செலவைக் கணக்கில் கொள்ளும்.

மறுவாரம் பதில் வந்தது. பழைய கார்களைப் பிரித்து விற்கும் இடமொன்றில், விபத்துக்குள்ளான 1.8 லிட்டர் காரிலிருந்து டார்சன் கிடைத்துவிட்டதாம். அரை அச்சுகளும் உடன் கிடைத்தன. நடுத்தண்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்.