அரபுத்தமிழ் மடல்களில் ஒரு குடும்ப வரலாறு

கடிதம் பாதிச் சந்திப்பு என்பது முஸ்லிம்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அரசர்களுக்கு விடுத்த மடல்கள் இஸ்லாமிய வரலாற்றின் முதன்மைச் சான்றுகளுள் இடம்பெற்றிருப்பதை நேயர்கள் அறிவர். அரசர்க்குச் சென்ற மடல் மட்டுமன்று, அன்னைக்குச் சென்ற மடலும் வரலாறே. அதனை நம் மர்ஹூம் தந்தையாரின் மடல்களைக் கொண்டு ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

தந்தையார் 1952 முதல் 1964 வரை ரங்கூனில் சிறுகடை ஒன்று நடத்தியவர். அங்கிருந்து தம் அன்னையாருக்கு எழுதிய 41 மடல்கள் ஒரு தகரப்பெட்டியில் இருந்து நமக்குக் கிடைத்தன. அனைத்தும் அரபுத்தமிழில் அமைந்தவை. அன்னாரின் அன்னையார் தமிழ் நெடுங்கணக்கு அறியாதவர். ஆயினும் சிறுவயதில் குர்ஆன் ஓதியதால் அரபு எழுத்தில் எழுதிய தமிழைத் தங்குதடையின்றிப் படிப்பார். பிறர் உதவியின்றி மகன் மடலைத் தாமே படித்துக்கொள்ள அந்த மூதாட்டிக்கு வாய்த்தது இவ்வெழுத்தினால்தான்.

அரபியில் இல்லாத ட, ண, ள, ழ முதலான ஒலிகளுக்காக, உள்ள எழுத்துகளோடு புள்ளியும் குறியும் கூட்டி நம் முன்னோர் இதனை அமைத்தனர். எகர ஒகரங்களுக்கும் தனிக்குறி கண்டனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) மார்க்கச் சட்டங்களை விளக்கிய 'ஃபத்ஹுத் தய்யான்' இவ்வெழுத்தில் அமைந்த நூலே. ஆலிம்களின் நூல்களுக்குப் பயன்பட்ட அதே எழுத்து, வீட்டுச் செலவுக்கணக்குக்கும் பயன்பட்டது என்பது எண்ணத்தக்கது.

தமிழ் முஸ்லிம்கள் பர்மாவில் சோலியாக்கள் எனப் பெயர்பெற்றிருந்தனர். 1937 ஏப்ரல் முதல் நாள் அந்நாடு இந்தியாவினின்று பிரிக்கப்பட்டது. 1941 டிசம்பர் 23ஆம் நாள் ரங்கூன் மீது ஜப்பானியர் குண்டுமாரி பொழிந்தபோது பல்லாயிரவர் மலையும் காடும் கடந்து நடந்தே தாயகம் மீண்டனர். போர் ஓய்ந்தபின் பலர் திரும்பச் சென்று கடைகளைத் திறந்தனர். அவர்களுக்குப் பின்னே சென்ற இளைஞர்களுள் ஒருவரே நம் தந்தையார். 1952இல் பர்மாவில் ரூபாய் நீங்கிக் கியாத் வந்தது. ஆனால் அன்னாரின் மடல்களில் இறுதிவரை ரூபாய் என்ற சொல்லே காணப்படுகிறது. கப்பலேறும் ஊரார் கையில் கொடுத்தனுப்பிய தொகை, கொண்டுவருபவர் பெயர், பெற்றுக்கொண்டதற்கு மறுமொழி எழுதுமாறு வேண்டுகோள் ஆகிய மூன்றும் ஏறக்குறைய எல்லா மடல்களிலும் உள்ளன. கடனை எழுதிக்கொள்ளுமாறு திருமறையின் 2ஆம் அத்தியாயம் 282ஆம் வசனம் பணிப்பதை அன்னார் வாழ்வில் கடைப்பிடித்தார் எனலாம்.

தந்தையார் வெறுங்கையோடு ஊர் திரும்பியதை உறவினர் சிலர் வேறுவிதமாகப் பேசிவந்தனர். கொடுத்த முதலை அக்கரையில் செலவழித்துத் தீர்த்துவிட்டார் என்பதே அப்பேச்சு. அன்னார் ஒருநாளும் அதற்கு மறுமொழி கூறியதில்லை. மறுமொழி மடலில் இருந்தது.

அம்மடலை மதரஸா மாணவர் ஒருவர் நம் முன்னிலையில் படிக்கையில், 'குடை போய்விட்டது' என்று படித்தார். உயிர்க்குறிகள் மங்கிவிட்டால் அரபுத்தமிழில் 'குடை'யும் 'கடை'யும் ஒன்றே. முதலெழுத்தின் மேலுள்ள குறி ஒன்றே இரண்டையும் வேறுபடுத்துவது. ஐயம் தீர்த்தது தேதி. மடலின் தலைப்பில் ஹிஜ்ரி 1383 துல்கஃதா எனக் காணப்பட்டது. அது 1964 மார்ச் நடுவில் பிறந்த மாதம். 1962 மார்ச் 2ஆம் நாள் ஆட்சியைக் கைப்பற்றிய ஜெனரல் நீ வின் அரசு, 1963இல் வங்கிகளையும் 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகளையும் நாட்டுடைமையாக்கியது. போனது குடையன்று, கடை!

அடுத்த மடல் 1384 முஹர்ரம் பிறை 10, ஆஷூரா நாளில் எழுதப்பட்டது. அதற்குச் சில நாள் முன்னர்தான், அதே 1964 மே மாதத்தில், 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டிருந்தன. கடையை இழந்தவர் கையிருப்பையும் இழந்தார். இவ்வளவும் நேர்ந்திருக்க, மடலில் புலம்பல் ஒரு வரியும் இல்லை. தங்கையின் நிக்காஹை ஓராண்டு தள்ளிவைக்குமாறும், கப்பலுக்குப் பெயர் கொடுத்திருப்பதாகவும் மட்டும் எழுதியுள்ளார். இலட்சக்கணக்கான இந்தியர் அவ்வாண்டுகளில் பர்மாவை விட்டு வெளியேறினர். அவர்களுள் அன்னாரும் ஒருவரானார்.

அக்கடைசி மடலின் பின்புறத்தில் ஒன்பது பெயர்கள் உள்ளன. கடைக்கு முதல் தந்தவர்களும், வீட்டில் சேர்ப்பிக்கப் பணம் ஒப்படைத்தவர்களும் அவர்கள். ஒவ்வொரு பெயரின் மீதும் வெவ்வேறு மையினால் கோடு இழுக்கப்பட்டிருக்கிறது. இறுதிப் பெயரின் அருகே ஹிஜ்ரி 1397 என்ற ஆண்டு, அதாவது 1977, குறிக்கப்பட்டுள்ளது. பறிபோன பணத்துக்குப் பதின்மூன்று ஆண்டுகள் உழைத்து அமானிதத்தை நிறைவேற்றியவரைத்தான் ஊதாரி என்றனர்! இன்று அம்மடலை உறவினர் முன் படித்துக் காட்டியபின் அப்பேச்சு அடங்கிற்று.

இத்தகைய மடல்கள் நம் குடும்பத்துக்கு மட்டும் உரியவை அல்ல. பினாங்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்தவை எத்தனையோ வீடுகளில் இருந்தன. அவற்றுட் பலவற்றை அழித்தது அலட்சியமன்று, பேணுதலே! அரபு எழுத்து காலில் படலாகாதே என்றஞ்சிக் கிணற்றிலும் கடலிலும் இட்டனர், மண்ணிற் புதைத்தனர். எழுத்துக்குச் செய்த மரியாதை நன்று. ஆனால் அதனுள் இருந்த வாழ்வும் உடன் மூழ்கிற்றே! எழுதியவரின் நாணயத்துக்குச் சாட்சியும் அதனோடு மறைந்ததே!

ஆதலின் நேயர்களே, பழைய மடல் கிடைத்தால் உடனே அப்புறப்படுத்தாதீர்கள். அரபுத்தமிழ் அறிந்த முதியவரிடம் படிக்கச்செய்து, சொல்லுக்குச் சொல் தமிழ் எழுத்தில் பெயர்த்தெழுதுங்கள். ஹிஜ்ரி தேதிக்கு நேரான ஆங்கிலத் தேதியைப் பக்கத்தில் குறியுங்கள். மடலில் வரும் பெயர்கள் யாருடையவை என்பதையும் எழுதுங்கள். மூலத்தைத் தூய துணியில் சுற்றி உயரமான இடத்தில் வையுங்கள்; மரியாதைக்கு அதுவே போதும். படிக்கத் தெரிந்தோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே இப்பணியை முடித்துக்கொள்ள வல்ல அல்லாஹ் நமக்குத் துணைபுரிவானாக. ஆமீன்.